மடியில் இருவருக்கும் இடம் உண்டு



நம் வீடுகளில் தினமும் ஒரு சண்டை நடக்கிறது. அது மாமியார் மருமகள் சண்டை இல்லை. சின்னப் பிள்ளைகளின் சண்டை.

அண்ணன் தங்கையைக் கிள்ளுகிறான். அக்கா தம்பியைத் தள்ளிவிடுகிறாள். நாம் என்ன செய்கிறோம்? பெரிய பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைக்கிறோம். சண்டை நின்றுவிடுகிறது. ஆனால் தீர்ந்துவிடுகிறதா?

வாருங்கள், படித்துப் பார்ப்போம்.

வகுப்பில் நடந்தது

கல்லாறு தாண்டினால் பொன்முடி மலைப்பாதை தொடங்கும். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் லயங்கள். அங்கேதான் எங்கள் படிப்பு வகுப்பு நடந்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பு வேலை முடித்து, இரவு ஏழு மணிக்கு அக்காமார்கள் வருவார்கள். எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். வயதில் நான்தான் சின்னவள்.

ஒரு நாள் ஓர் அக்கா தாமதமாக வந்தார். இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. சேலையைப் பிடித்துக்கொண்டு மகன். அவனுக்கு மூன்று வயது நிறையப் போகிறது.

அக்கா சிலேட்டை எடுத்தார். குழந்தையைப் பாயில் கிடத்தினார். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. பார்த்தால் கையில் பல் தடம். அண்ணன்காரன் கடித்துவிட்டான்.

"ஏண்டா, பச்சப் புள்ளயப் போயி கடிக்கிற? நீ பெரியவன் இல்ல?" அக்கா ஓங்கி ஓர் அடி வைத்தார்.

பையன் அம்மாவிடம் ஓடவில்லை. மூலையில் போய்ச் சுருண்டு படுத்தான். விரலைச் சூப்பிக்கொண்டே தூங்கிப் போனான்.

வகுப்பில் ஒரு பாட்டி இருந்தார். அவர் எழுந்து போய்ப் பையனின் காலைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவன அடிக்காத தாயி. இவனுக்கு சவலை பாஞ்சிருக்கு."

சவலை என்றால் என்ன?

'சவலை' பழைய தமிழ்ச் சொல். அம்மா மறுபடி கர்ப்பமாகிறாள். அல்லது அடுத்த குழந்தை பிறக்கிறது. உடனே மூத்த பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்று போகிறது. அந்தப் பிள்ளை ஏங்குகிறது. சாப்பிட மறுக்கிறது. மெலிந்து போகிறது. அந்தப் பிள்ளையைத்தான் சவலைப் பிள்ளை என்றார்கள்.

நம் ஊரில் மட்டும்தானா இது? இல்லை.

ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு. முன்பு அதற்குக் கோல்ட் கோஸ்ட் என்று பெயர். 1930களில் அங்கே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். கால் வீங்கி, முடி நிறம் மாறி, சோர்ந்துபோன பிள்ளைகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பால் மறந்த பிள்ளைகள். வெறும் மக்காச்சோளக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்.

அந்த ஊர்த் தாய்மார்கள் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குவாஷியோர்கர். 'அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய்' என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். டாக்டர் 1935இல் அந்தப் பெயரிலேயே நோயைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எங்கோ இருக்கும் கானா. இங்கே இருக்கும் நாம். இரண்டு ஊர்த் தாய்மார்களும் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள். சின்னக் குழந்தை வரும்போது பெரிய குழந்தை எதையோ இழக்கிறது.

அது வயிற்றுப் பசி மட்டும் இல்லை. மனசுப் பசியும்கூட.

பையனின் கண்ணால் பார்ப்போம்

அந்தப் பையன் இரண்டு வருடம் ராஜாவாக இருந்தான். அம்மாவின் மடி அவனுக்கு. அப்பாவின் தோள் அவனுக்கு. பாட்டியின் கதையும் அவனுக்கு.

ஒரு நாள் அம்மா காணாமல் போனாள். எங்கே போனாள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து வந்தாள். கையில் ஒரு துணிமூட்டை. அது அழுதது. எல்லோரும் அதைப் பார்க்க ஓடினார்கள்.

அவன் இடத்தில் அது படுத்தது. அவன் மடியில் அது உட்கார்ந்தது. அவன் அம்மாவிடம் போனால், "தள்ளிப் போ, பாப்பா தூங்குது" என்றார்கள்.

அவனுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. 'அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு நான் வேண்டாமா?' என்று கேட்கத் தெரியாது. அதனால் கடித்தான்.

கடி என்பதும் ஒரு கேள்விதான். நாம் அதற்கு அடியால் பதில் சொல்கிறோம்.

ஏக்கத்தின் அடையாளங்கள்

ஏங்குகிற பிள்ளை எப்படி இருக்கும்?

பால் மறந்த பிள்ளை மறுபடி பால் கேட்கும். விரல் சூப்பும். பாயில் மூத்திரம் போகும். மழலையாகப் பேசும். அம்மாவை விட்டு நகராது. சோற்றைத் தட்டிவிடும். பாப்பாவைக் கிள்ளும், கடிக்கும், கட்டிப் பிடிப்பதுபோல அழுத்தும்.

சில பிள்ளைகள் எதுவுமே செய்யாது. பேசாமல் ஒதுங்கி உட்காரும். "என் புள்ள ரொம்பச் சமத்து" என்று நாம் நினைப்போம். அந்தப் பிள்ளையையும் கவனிக்க வேண்டும்.

இது கெட்ட குணம் இல்லை. பிள்ளை கெட்டுப் போகவும் இல்லை. பயந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் செய்யும் தவறுகள்

நாம் விளையாட்டாகச் சில வார்த்தைகள் சொல்கிறோம். அவை பிள்ளையின் மனசில் முள்ளாகக் குத்தும்.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." இதைச் சொல்லிப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பிள்ளை அதை உண்மை என்று நம்பிவிடும்.

"இனிமே அம்மா பாப்பாவுக்குத்தான். உனக்கு இல்ல." பக்கத்து வீட்டார் சீண்டுவார்கள்.

"தங்கச்சியப் பாரு. எவ்வளவு சமத்தாச் சாப்பிடுறா. நீயும் இருக்கியே!" இப்படி ஒப்பிட்டால் தங்கை மேல் பாசம் வருமா? கோபம்தான் வரும்.

"நீ பெரியவன். விட்டுக் கொடு." மூன்று வயசுப் பிள்ளை பெரியவனா? ஏழு மாதக் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பதால் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு தவறும் உண்டு. ஆண் பிள்ளைக்கு முட்டை, பெண் பிள்ளைக்குக் குழம்பு. பெண் பிள்ளை வாய் திறந்து கேட்காமல் இருக்கலாம். ஆனால் மறக்காது.

பழனி மாம்பழம்

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

கைலாயத்துக்கு நாரதர் ஒரு மாம்பழம் கொண்டுவந்தார். பழம் ஒன்று. பிள்ளைகள் இரண்டு. உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று போட்டி வைத்தார்கள். முருகன் மயில் ஏறிப் பறந்தார். பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த முருகனுக்குக் கோபம். வீட்டை விட்டுப் பழனி மலைக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை வகுப்பில் பேசினோம். "தப்பு யார் மேல?" என்று நான் கேட்டேன்.

ஒருவர் பிள்ளையார் மேல் என்றார். ஒருவர் நாரதர் மேல் என்றார். பாட்டி சிரித்தார். "போட்டி வச்ச பெரியவங்க மேலதான்" என்றார்.

அது சாமியின் திருவிளையாடல். அந்தப் பழத்தை வெட்டக் கூடாதாம். நம் வீட்டுப் பழத்தை வெட்டலாமே! ஆளுக்குப் பாதி கொடுக்கலாமே!

"யார் முதலில் சாப்பிடுகிறீர்களோ அவர்தான் என் செல்லம்" என்று நாமும் போட்டி வைக்கிறோம். செல்லம் என்பது பந்தயப் பரிசு இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. முன்பே சொல்லுங்கள்

பொன்முடி பஸ் டிரைவர் வளைவு வரும்போதெல்லாம் ஹார்ன் அடிப்பார். ஏன்? எதிரே வருபவர் திடுக்கிடக் கூடாது. பிள்ளைக்கும் அப்படித்தான். குழந்தை பிறப்பதற்கு முன்பே சொல்லுங்கள். "அம்மா வயித்துல பாப்பா இருக்கு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வருவேன்." வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேறுகாலத்தில் மூத்த பிள்ளையைத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ ஊருக்கு அனுப்பிவிடுவது உண்டு. மாதக் கணக்கில் அங்கேயே விட்டுவிடாதீர்கள். 'பாப்பா வந்ததும் என்னைத் துரத்திவிட்டார்கள்' என்று பிள்ளை நினைக்கும்.

2. பாலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையும், அதற்கு மேலும் பால் கொடுக்கலாம். இடையில் மறுபடி கர்ப்பமானால், பாலைத் தொடரலாமா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். நிறுத்த வேண்டியிருந்தால் மெல்ல மெல்ல நிறுத்துங்கள். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிக்காதீர்கள். பால் குறையும்போது அணைப்பு கூட வேண்டும்.

3. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்

"எனக்கு எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். விடியும் முன்னே எழுகிறீர்கள். நாள் முழுக்கக் கொழுந்துக் காட்டில் நிற்கிறீர்கள். ஆனாலும் பத்து நிமிடம் மூத்த பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். தலை வாரும்போது கொடுக்கலாம். குளிப்பாட்டும்போது கொடுக்கலாம். அந்த நேரத்தில் பாப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம்.

4. பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்

ஒரு பக்கம் பாப்பா பால் குடிக்கட்டும். மறு பக்கம் மூத்தது சாய்ந்து உட்காரட்டும். அவன் கையிலும் ஏதாவது தின்னக் கொடுங்கள். ஒரு கதை சொல்லுங்கள். "நீ குட்டியா இருந்தப்ப இப்படித்தான் குடிச்ச" என்று சொல்லுங்கள். அவன் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

5. சின்ன வேலை கொடுங்கள்

பாப்பாவின் துணியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிலுகிலுப்பை ஆட்டச் சொல்லுங்கள். "அண்ணன் ஆட்டினா பாப்பா சிரிக்குது பாரு!" என்று சொல்லுங்கள். ஆனால் சின்னப் பிள்ளையை நம்பிக் குழந்தையைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். விளையாட்டே ஆபத்தாகிவிடும்.

6. அப்பாவும் அம்மாதான்

அண்ணன்மார்களே, இது உங்களுக்கு. அம்மா பாப்பாவைத் தூக்கும்போது நீங்கள் மூத்ததைத் தூக்குங்கள். சோறு ஊட்டுங்கள். கடைக்குப் போனால் கூட்டிப் போங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். பாப்பாவுக்கு இது தெரியாது. மூத்ததுக்குத் தெரியும்.

7. கையைத் தடுங்கள், கோபத்தைக் கேளுங்கள்

கிள்ளினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "கிள்ளக் கூடாது. பாப்பாவுக்கு வலிக்கும். உனக்குக் கோபமா? அம்மாகிட்ட வா" என்று சொல்லுங்கள். அடித்தால், பலசாலி சின்னதை அடிக்கலாம் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் சண்டை வேறு மாதிரி. ஒரு பந்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். "யார் முதலில் எடுத்தது?" என்று நாம் நீதிபதி ஆகிவிடுகிறோம். யாருக்குத் தீர்ப்புச் சொன்னாலும் மற்றவருக்கு மனக்குறை.

அடிதடி என்றால் உடனே பிரித்து விடுங்கள். வாய்ச் சண்டை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லட்டும். நீங்கள் கேளுங்கள். "இப்ப என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள்.

பண்டம் பங்கு போட ஒரு நல்ல வழி உண்டு. ஒருவர் பிரிக்க வேண்டும். மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிப்பவர் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறார் என்று பாருங்கள்!

இன்னொன்று. மூத்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தித் தம்பியைப் பார்க்க வைக்காதீர்கள். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பிள்ளைகளின் உரிமை. 2009இல் அதற்குச் சட்டம் வந்தது. தம்பியால் தன் படிப்பு போயிற்று என்று அவள் நினைத்தால், அந்தக் கசப்பு வளர்ந்த பிறகும் போகாது.

அந்தப் பையன் என்ன ஆனான்?

மறுநாள் அக்காவும் நானும் பையனை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனோம். டீச்சர் எடை பார்த்தார். பழைய அட்டையை எடுத்தார். ஐந்து மாதமாக எடை ஏறவே இல்லை. அந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ ஏற வேண்டும்.

டீச்சர் கேட்டார்: "அமிர்தம் பொடி கொடுக்கிறீங்களா?"

அமிர்தம் பொடி என்பது கேரள அங்கன்வாடிகளில் தரும் சத்து மாவு. 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு உரியது. குடும்பஸ்ரீ பெண்கள் இதைத் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலைப் பருப்பு, சோயா, நிலக்கடலை எல்லாம் அதில் உண்டு.

அக்கா தலை குனிந்தார். வீட்டுக்கு இரண்டு பேர் பங்கும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஊட்டியது ஒருவருக்கு மட்டும். "இவன் பெரியவனாச்சே, தானே சாப்பிடுவான்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டில் சாப்பாடு இல்லாமல் இல்லை. ஊட்ட ஒரு கை இல்லாமல் போயிற்று.

டீச்சர் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் சோதித்தார். "கால் வீக்கம் இல்லை. நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள்" என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். என்ன கொடுக்க வேண்டும், எத்தனை முறை கொடுக்க வேண்டும் என்று சொன்னார்.

அன்று முதல் அக்காவின் வீட்டுக்காரர் பையனை மடியில் வைத்து ஊட்டினார். பொடியில் கஞ்சி, முட்டை, பருப்புச் சாதம். இரவில் பாப்பா ஒரு பக்கம், பையன் மறு பக்கம் என்று அக்கா நடுவில் படுத்தார். பாட்டி தவிட்டுக் கதை சொல்பவர்களை விரட்டினார்.

பையன் ஒரே நாளில் மாறவில்லை. அடுத்த வாரமும் ஒரு முறை கிள்ளினான். ஆனால் அதன் பிறகு அம்மாவிடம் ஓடி வந்தான். மூலைக்குப் போகவில்லை. எனக்கு அதுவே பெரிய மாற்றமாகத் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் எடை ஏறத் தொடங்கியது. கடித்த கை இப்போது பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. பிடுங்கவும் செய்கிறது. பிள்ளைகள் அப்படித்தான்.

ஒரு நாள் வகுப்பில் 'ம' வரிசை படித்தோம். "ம-வில் தொடங்கும் சொல் எழுதுங்கள்" என்றேன். அக்கா சிலேட்டில் மூன்று சொல் எழுதினார்.

மகன். மகள். மடி.

எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஒரு பிழையும் இல்லை.

நினைவில் வையுங்கள்

பிள்ளைக்குக் கால் வீக்கம், முடி நிறம் மாறுதல், எதிலும் நாட்டம் இல்லாமல் சோர்ந்து கிடத்தல் இருந்தால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். சின்னக் குழந்தைக்கு மட்டும் இல்லை, மூத்த குழந்தைக்கும் பாருங்கள்.

ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 2 வருடம் கழித்து அடுத்த கர்ப்பம் தரிப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்க்கும் நல்லது. மூத்த பிள்ளைக்கும் நல்லது.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. சவலைப் பிள்ளை என்றால் யார்?
2. பையன் ஏன் தங்கையைக் கடித்தான்?
3. வீட்டில் பொடி இருந்தும் பையனின் எடை ஏன் ஏறவில்லை?
4. பஸ் டிரைவர் வளைவில் ஏன் ஹார்ன் அடிக்கிறார்? அதிலிருந்து நாம் கற்பது என்ன?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. முதல் ______ மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.
2. ஒருவர் பிரிக்க வேண்டும். மற்றவர் முதலில் ______ வேண்டும்.
3. பால் குறையும்போது ______ கூட வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் சின்ன வயதில் அண்ணன், அக்கா, தம்பி, தங்கையோடு என்ன சண்டை போட்டீர்கள்? அப்போது பெரியவர்கள் சொன்ன எந்த வார்த்தை இன்னும் மனசில் இருக்கிறது?

எழுதிப் பாருங்கள்

இன்று இரவு உங்கள் மூத்த பிள்ளையிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள். வீட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டுங்கள்.